கடற்கரை வீட்டுக்கு யப்பானிய மரவச்சுப் படங்கள்

மனிதன் குடியிருக்கும் வீட்டுக்குக் கூரையும் சுவரும் இன்றியமையாதன. சுவரிலே தொங்கும் படம் அவ்வாறு இன்றியமையாத பொருளன்று. ஆயினும், படம் ஒன்றேனும் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. மன்னார்த் தீவிலும் அதனை அடுத்த பெருநிலக் கரையிலும் உள்ள ஊர்களில் இது நன்கு புலனாகும். கத்தோலிக்கர் இல்லத்தில் திருவிருதயப் படமும் அதன் முன்னே ஒரு சிறு விளக்கும் இருக்கும். சைவர் இல்லத்தில் பிள்ளையாரும் இலக்குமியும் இருப்பர். முஸ்லிம்களின் இல்லத்தில் அழகிய அரபு எழுத்தில் அமைந்த திருவசனம் சட்டமிடப்பட்டுத் தொங்கும். இவற்றோடு கடைக்காரர் கொடுத்த நாட்காட்டியும், மறைந்த முதியவர் ஒருவரின் நிழற்படமும் சேர்ந்துவிட்டால் சுவர் நிறைந்துவிடும்.

இந்தச் சுவர்கள் பல முறை வெறுமையாகியும் உள்ளன. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் மன்னார் முஸ்லிம்கள் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். தமிழ்க் குடும்பங்கள் பல, படகேறி இராமேசுவரக் கரையை அடைந்தன. 2009ஆம் ஆண்டு போர் முடிந்த பின்னர் மீண்டு வந்தவர்கள் பழைய அத்திவாரத்தின் மீதோ புதிய நிலத்திலோ வீடு கட்டிக்கொண்டனர். புதுச் சுவருக்கு வெள்ளையடித்து, அதில் முதல் ஆணியை அறைந்து ஒரு படத்தை மாட்டுதல் என்பது வெறும் அலங்காரமன்று. இனி இங்கேதான் வாழப்போகின்றோம் என்னும் உறுதிமொழி அது. ஆகவே, எந்தப் படத்தை மாட்டுவது என்னும் வினாவும் அற்பமான வினாவன்று.

வழிபாட்டுக்குரிய படம் எது என்பதை அவரவர் சமயம் தீர்மானிக்கும். அஃது ஒழிய, விருந்தினர் அமரும் கூடத்துக்கும், பிள்ளைகள் படிக்கும் அறைக்கும், விறாந்தைக்கும் ஏற்ற படங்கள் எவை? இவ்வினாவுக்குத் தகுந்த விடைகளுள் ஒன்று யப்பான் நாட்டின் பழைய மரவச்சுப் படம். மன்னாரைப் போலவே கடலை நம்பி வாழ்ந்த ஒரு நாட்டின் கலை அது. மழை, காற்று, படகு, பாலம், மீனவர், வழிப்போக்கர் ஆகியவையே அதன் பொருள். மனித உருவத்தைச் சுவரில் மாட்ட விரும்பாத இல்லத்தாரும் ஏற்கத்தக்க இயற்கைக் காட்சிகள் அதில் ஏராளம். எல்லாவற்றுக்கும் மேலாக, அது செல்வர்க்கென்று பிறந்த கலையன்று.

இன்று டோக்கியோ எனப்படும் நகரம் 1868ஆம் ஆண்டு வரை எடோ என்று வழங்கியது. அந்நகரத்து வணிகரும் கைவினைஞரும் விரும்பி வாங்கிய படங்களே இவை. 'மிதக்கும் உலகின் படங்கள்' என்னும் பொருள்படும் உக்கியோ-ஏ என்பது அவற்றின் பெயர். நிலையற்ற உலகத்தின் சிறு இன்பங்களை, அவை கழிந்து செல்லும் முன்னரே கண்டு மகிழ்வதற்கானவை என்பது கருத்து. ஒரு படத்தின் விலை, கடைத்தெருவில் ஒரு கிண்ணம் மாச்சேமியா உண்பதற்கு ஆகும் செலவை ஒத்ததாகவே இருந்தது. ஊருக்குத் திரும்பும் பயணி தன் பிள்ளைகளுக்குக் காட்டவென்று அதனை வாங்கிச் சுருட்டிச் செல்வான்.

இவ்விடத்தில் ஒரு வியப்பான செய்தி உண்டு. பல வண்ணங்களில் அச்சிடும் முறை 1765ஆம் ஆண்டளவில் முதிர்ச்சி பெற்றது. சுசூக்கி ஹருநொபு என்னும் ஓவியர் அதில் முன்னின்றார். அம்முறையை வளர்த்த முதற் படங்கள் நாட்காட்டிப் படங்களே. அவ்வாண்டின் நீண்ட மாதங்களையும் குறுகிய மாதங்களையும் பெண்ணின் ஆடையிலோ வேறு கோலத்திலோ மறைத்து வரைந்து, நண்பர்கள் தமக்குள் பரிமாறிக் கொண்டனர். நம்மவர் வீட்டிலும் 1894ஆம் ஆண்டு இரவிவர்மா பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் கல்லச்சுப் படங்களும், பின்னர் சிவகாசி நாட்காட்டிப் படங்களுமே ஓவியக் கலையைச் சாதாரண மனிதனின் சுவருக்குக் கொண்டுவந்தன. இரு நாடுகளிலும் அழகு ஏழையின் வீட்டுக்குள் நுழைந்த வாயில் அச்சுக்கலையே எனலாம்.

மரவச்சுப் படம் ஆக்கப்படும் முறையை அறிந்தால் அதன் அழகு இருமடங்காகும். ஒரு படத்துக்குப் பின்னே நால்வர் நிற்கின்றனர். முதலீடு செய்து விற்பவர் பதிப்பாளர். மெல்லிய தாளில் மையினாற் கோட்டோவியம் வரைபவர் ஓவியர். அத்தாளைக் காட்டுச் செரி மரப் பலகையின் மீது முகம் கவிழ்த்து ஒட்டி, கோடுகள் மட்டும் மேலெழுந்து நிற்க ஏனைய இடங்களைக் குடைந்தெடுப்பவர் செதுக்குநர். அந்த வேலையில் ஓவியர் வரைந்த மூலத்தாள் அழிந்து போகும். தலைமயிர் நெற்றியோடு சேரும் இடத்தைச் செதுக்குவதற்கு அத்தொழிலில் நெடுங்காலம் தேர்ந்த கை வேண்டும்.

நான்காமவர் அச்சிடுநர். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒவ்வொரு பலகைப் பரப்புச் செதுக்கப்படும். பலகையின் ஓரத்தில் கெந்தோ எனப்படும் இரு அடையாளங்கள் வெட்டப்பட்டிருக்கும். தாளின் மூலையையும் விளிம்பையும் அவற்றில் பொருத்தி வைத்தால், பத்துப் பலகைகளில் மாறி மாறி அச்சிட்டாலும் வண்ணம் கோட்டை விட்டு வழுவாது. அழுத்துவதற்கு இயந்திரம் இல்லை. மூங்கில் மடலால் உறையிட்ட பரென் என்னும் வட்டத் திண்டினால் தாளின் முதுகைக் கையாலேயே தேய்ப்பர். பலகையில் வண்ணத்தை ஈரத் துணியால் ஒரு பக்கமாகத் துடைத்துவிட்டால், கரு நீலம் படிப்படியாக வெளுத்து வானமாகிவிடும். அந்த மங்கும் நீலத்தைப் பெற, ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும்.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். தைல வண்ண ஓவியத்துக்கு ஒரே மூலம் உண்டு; ஏனையவை அதன் நகல்கள். மரவச்சுப் படத்துக்கோ அவ்வாறான தனி மூலம் இல்லை. பலகை தேயும் வரை வெளிவந்த ஆயிரக்கணக்கான படிகள் யாவும் மூலமே. எனவே, இக்கலையின் மறுபதிப்பை வீட்டில் மாட்டுவதில் வெட்கப்பட எதுவுமில்லை. பல கைகளுக்குப் பரவுதலே அதன் பிறவிக் குணம். எனினும், மறுபதிப்பிலும் தரவேறுபாடு உண்டு. பழைய படத்தைப் பார்த்து மீண்டும் பலகை செதுக்கிக் கையால் அச்சிடுபவை முதல் வகை. யப்பானில் இத்தொழில் இன்றும் அழியவில்லை. ஆனால் விலை மிகுதி. இயந்திர அச்சில் வரும் படங்கள் இரண்டாம் வகை. உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால் இவற்றில் நுண்ணிய வண்ணப் புள்ளிகள் தெரியும். கையச்சில் புள்ளிகள் இரா. மூன்றாவது வழி எளியது. இவ்வோவியர்கள் மறைந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டமையால் பதிப்புரிமைத் தடை இல்லை. நியூயோர்க் நகரத்து மெற்றோபொலிற்றன் கலைக்கூடம் 2017ஆம் ஆண்டு முதல் தன்னிடமுள்ள இத்தகைய படங்களின் தெளிவான பிரதிகளை எவரும் விலையின்றிப் பெற்றுக்கொள்ள இணையத்தில் வைத்துள்ளது. அவற்றை நகரத்து அச்சகத்தில் நல்ல தாளில் பதிப்பித்துக் கொள்ளலாம். மினுங்கும் தாளைத் தவிர்த்து, மினுக்கமற்ற பருத்தித் தாளைக் கேட்டுப் பெறுவது நன்று.

இனி, இப்படங்களுக்கும் மன்னாருக்கும் உள்ள உறவைக் கருதலாம். மன்னார்க் கோட்டையை 1658ஆம் ஆண்டு போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி கைப்பற்றியது. 1795ஆம் ஆண்டு ஆங்கிலேயர் வரும்வரை அக்கம்பனியின் கொடியே அங்கே பறந்தது. அதே கம்பனிதான் 1641ஆம் ஆண்டு முதல் யப்பானின் நாகசாக்கித் துறைமுகத்தில் தெஜிமா என்னும் சிறு தீவில் வாணிகம் செய்துவந்தது. மேனாட்டாருள் யப்பானிய அரசின் அனுமதி பெற்றவர் அவர்கள் மட்டுமே. அவ்வழியே வந்த மேனாட்டுச் சித்திரங்களைக் கண்டு, தொலைவிலுள்ளதைச் சிறிதாகக் காட்டும் முறையை யப்பானிய ஓவியர் கற்றனர். பேர்ளினில் கண்டுபிடிக்கப்பட்ட பிரஷ்ய நீலம் என்னும் சாயமும் ஒல்லாந்தக் கப்பல்களிலும் சீனக் கப்பல்களிலும் வந்து சேர்ந்தது. 1830ஆம் ஆண்டளவில் அது மலிவானபோது, முன்பு கைகூடாத ஆழ்ந்த நீலம் ஓவியர் கைக்கு எட்டியது. கடலும் வானும் அவர்களுடைய படங்களில் முதன்மை பெற்றமைக்கு இந்நீலமும் ஒரு காரணம்.

அந்த நீலத்தின் புகழ்பெற்ற படைப்பு, கத்சுஷிக்கா ஹொக்குசாய் 1831ஆம் ஆண்டளவில் வரைந்த 'கனகாவாவின் பேரலை' என்பதாம். ஃபூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள் என்னும் வரிசையில் அமைந்தது இது. வரிசை விற்பனையில் வெற்றி பெற்றதால் பின்னர் பத்துப் படங்கள் சேர்க்கப்பட்டு நாற்பத்தாறாயின. 2024ஆம் ஆண்டு யப்பான் வெளியிட்ட ஆயிரம் யென் தாளிலும் இவ்வலையே பொறிக்கப்பட்டுள்ளது. பலர் இதனைப் பார்க்கும்போது அலையை மட்டுமே காண்கின்றனர். மூன்று படகுகளைக் காண்பதில்லை. மீனை விரைவாகச் சந்தைக்குக் கொண்டு சேர்க்கும் துடுப்புப் படகுகள் அவை. படகோட்டிகள் துடுப்பின்மீது குனிந்து கிடக்கின்றனர். தூரத்தில் மலை அசையாது நிற்கின்றது. கொழும்பு மாளிகையில் இதனை நோக்குபவன் அலையின் வளைவை மெச்சுவான். பேசாலையிலோ பள்ளிமுனையிலோ நோக்கும் கடற்றொழிலாளி, அடுத்த கணத்தில் அணியம் எப்பக்கம் திரும்ப வேண்டும் என்று சிந்திப்பான். படத்தை முற்றாக அறிந்தவன் அவனே.

ஆயினும், அப்படத்தை அவன் வீட்டில் மாட்டலாமா என்பது வேறு வினா. 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் தனுஷ்கோடியை அழித்த புயல் தலைமன்னார்க் கரையையும் தாக்கியது. கடலுக்குச் சென்றவர் மீளாத வீடுகள் இக்கரையில் பல உள. அத்தகைய வீட்டில் பேரலை ஓர் அலங்காரப் பொருளாகாது. நாள்தோறும் காணும் தாய்க்கு அது ஆறாத புண்ணாகும். அழகிய படம் என்பது ஒன்று. இவ்வீட்டுக்கு ஏற்ற படம் என்பது மற்றொன்று. வீட்டில் வாழ்வோர் அனைவரும், சிறப்பாக முதியோர், மனமொப்பிய பின்னரே படத்தைத் தெரிதல் வேண்டும்.

பேரலையை விரும்பாதோர்க்கு உத்தாகாவா ஹிரோஷிகேயின் படங்கள் உண்டு. எடோவிலிருந்து கியோத்தோ செல்லும் தொக்கைதோ நெடுஞ்சாலையின் ஐம்பத்து மூன்று தங்கிடங்களை அவர் 1833, 1834ஆம் ஆண்டுகளில் வரைந்தார். அவற்றுள் 'ஷோனோ' என்னும் படத்தில் பெருமழை சாய்ந்து பொழிகின்றது. மூங்கிற் காடு வளைகின்றது. பல்லக்குத் தூக்கிகள் மேட்டில் ஓடுகின்றனர். வாடைக்காற்றில் பனங்கூடல் இரைவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இப்படத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. 1857ஆம் ஆண்டில் அவர் வரைந்த 'ஓஹாஷிப் பாலத்தின் மேல் திடீர் மழை' என்பதும் அத்தகையது. ஒல்லாந்து நாட்டு ஓவியர் வான்கோ 1887ஆம் ஆண்டு அதனைப் பார்த்துத் தைல வண்ணத்தில் வரைந்தார். மழையை நீண்ட கோடுகளாகக் காட்டும் துணிவு அவரை வியக்கச் செய்தது. நவம்பர் மழைக்கென்று பத்து மாதம் காத்திருக்கும் வறண்ட தீவில், சுவரிலே ஒரு மழை இருப்பது கண்ணுக்குக் குளிர்ச்சியேயாகும்.

மன்னாருக்கு நெருங்கிய இன்னொரு வகைப் படமும் உண்டு. அபலோனி என்னும் கடற்சிப்பியைத் தேடி மூழ்கும் பெண்களை உட்டமாரோ முதலியோர் வரைந்துள்ளனர். ஆமா எனப்படும் இப்பெண்கள் மூச்சடக்கிக் கடலடிக்குச் செல்பவர்கள். மன்னார்க் குடாவிலும் காலில் கல்லைக் கட்டி, கயிற்றைப் பிடித்து, மூச்சடக்கி முத்துக் குளித்த ஆடவர் இருந்தனர். 1905ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டிக் குளிப்பில் ஏறத்தாழ எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அதன்பின் சில ஆண்டுகளிலேயே பார்கள் வறண்டன. அதற்கு முன்னரே, 1893ஆம் ஆண்டு, யப்பானில் மிக்கிமொட்டோ கொக்கிச்சி என்பவர் சிப்பிக்குள் கருவிட்டு முத்தை விளைவிப்பதில் வெற்றி கண்டிருந்தார். அவருடைய வளர்ப்புப் பண்ணைகளில் சிப்பியை எடுத்தவர்கள் ஆமாப் பெண்களே. வளர்ப்பு முத்து உலகச் சந்தையை நிரப்பியபோது இயற்கை முத்தின் விலை வீழ்ந்தது. ஒரு கரையின் வாழ்வும் மறுகரையின் தாழ்வும் அச்சிறு படத்தினுள் அடங்கியிருக்கின்றன. ஆனால், அப்பெண்கள் தம் தொழிலுக்கேற்ப இடுப்பளவு ஆடையினராகவே வரையப்பட்டுள்ளனர். கூடத்துக்கு அவை பொருந்தா. நூலில் வைத்துப் பார்ப்பதே தகும்.

படத்தைத் தெரிந்தபின் அதன் அளவைக் கவனித்தல் வேண்டும். பேரலையின் உண்மையான அளவு 25 சென்ரிமீற்றர் உயரமும் 37 சென்ரிமீற்றர் அகலமுமே. கையில் ஏந்திப் பார்ப்பதற்கென ஆக்கப்பட்ட படத்தைச் சுவர் முழுவதும் பெருப்பித்தால் கோடு தடித்து நயம் கெடும். ஆகையால், மூல அளவிலேயே பதிப்பித்து, சுற்றிலும் நாலு விரல் அகலத்துக்கு வெண்மை சார்ந்த அட்டை வைத்து, மெல்லிய மரச் சட்டமிடுவது சிறந்தது. நின்று நோக்குபவரினும் இருந்து நோக்குபவரே வீட்டில் மிகுதி. எனவே, அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்குச் சற்று உயரத்தில் மாட்டுதல் பொருந்தும். ஒரு சுவருக்கு ஒரு படம் போதும். விறாந்தைத் தூணுக்கெனத் தனி வகைப் படமும் உண்டு. யப்பானியர் தம் வீட்டுத் தூணில் தொங்கவிட்ட, ஏறத்தாழ 70 சென்ரிமீற்றர் உயரமும் 12 சென்ரிமீற்றர் அகலமுமான நீள் படங்கள் அவை.

வெயில் இப்படங்களின் முதற் பகை. பொஸ்டன் நுண்கலைக் கூடத்துக்கு 1921ஆம் ஆண்டு ஸ்போல்டிங் சகோதரர்கள் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட யப்பானிய மரவச்சுப் படங்களை நன்கொடையாக அளித்தனர். அவற்றை ஒருபோதும் காட்சிக்கு வைக்கலாகாது என்பது அவர்களின் நிபந்தனை. அதனால் அவற்றின் வண்ணம் இன்றும் புதிதாக உள்ளது. கொழும்பிலே பிறந்த தமிழறிஞர் ஆனந்த குமாரசுவாமி 1917ஆம் ஆண்டு முதல் 1947இல் மறையும் வரை பணியாற்றிய கலைக்கூடமும் அதுவே. கைவினைஞனின் படைப்பு வாழ்க்கைக்குப் பயன்பட வேண்டும் என்று வாதிட்டவர் அவர். காட்சிக்கே வைக்கப்படாத மூலமும், நாள்தோறும் கண்ணில் படும் மறுபதிப்பும் ஒன்றையொன்று காக்கின்றன. மறுபதிப்புக்கும் வெயில் ஆகாது. மேற்குச் சாளரத்துக்கு எதிர்ச் சுவரைத் தவிர்த்து, நிழலான உட்சுவரைத் தெரிவு செய்க.

அடுத்த பகை உப்புக் காற்று. சோளகம் வீசும் மாதங்களில் மன்னாரில் மணலும் உப்பும் கலந்தே பறக்கும். இரும்பு ஆணி துருப்பிடித்துச் சுவரில் கறை இறக்கும். பித்தளை அல்லது துருவேறா உருக்குக் கொளுக்கியே தகும். படம் கண்ணாடியைத் தொட்டால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். நடுவே அட்டை இருப்பது அதற்காகவே. சட்டத்தின் பின்மூலைகளில் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று உலாவும். இராமபாணப் பூச்சியும் கறையானும் குடியேறா. படத்தை அட்டையில் முழுதாகப் பசையிட்டு ஒட்டுவது பெருந்தவறு. மேல் விளிம்பில் மட்டும் அரிசிமாப் பசையும் மெல்லிய தாளும் கொண்டு இரு இடங்களில் பற்றவைத்தால் போதும், வேண்டும்போது கழற்றலாம்.

அவ்வாறு கழற்றுவதற்குத் தேவையும் உண்டு. யப்பானியர் தம் கூடத்து மாடத்தில் தொங்கும் ஓவியத்தைப் பருவத்துக்கேற்ப மாற்றுவர். நாலு படங்களும் ஒரே அளவுச் சட்டம் ஒன்றும் இருந்தால் நாமும் அவ்வாறு செய்யலாம். மாரியில் மலையின் தெளிந்த காலையையும், வறட்சியில் மழையையும் மாட்டலாம். நாட்பட ஒரே இடத்தில் தொங்கும் படம் கண்ணுக்குத் தெரியாமற் போய்விடும். மாற்றினாற் கண் மீண்டும் விழித்துக்கொள்ளும். வழிபாட்டுப் படங்களுக்கு உரிய இடத்தை மட்டும் இவை பங்கிடலாகாது. அவற்றின் சுவர் தனியே இருக்கட்டும்.

இறுதியாக ஒன்று. ஹிரோஷிகே வரைந்தவை பெரும்பாலும் மாளிகைகள் அல்ல. தங்குமடம், ஆற்றுத் துறை, மீன் சந்தை, மழையில் நனையும் மனிதர் என்பவையே. அவர் நோக்கியதால் அவை காணத்தக்கவை ஆயின. அவ்வாறு நோக்குவதற்கு மன்னாரில் பொருளில்லையா? தலைமன்னார்த் துறை, 2015ஆம் ஆண்டு மீண்டும் அங்கே வந்து சேர்ந்த புகைவண்டி, பள்ளிமுனைப் பெருக்கமரம், அரிப்பில் இடிந்து நிற்கும் ஆளுநர் மாளிகை, வங்காலை நீர்ப்பரப்பில் இறங்கும் பூநாரைகள், தெருவோரத்துக் கழுதைகள், வலையைத் தோளிலிட்டு விடியலில் நடப்பவர்கள் என முப்பத்தாறு காட்சிகள் எளிதிற் கிடைக்கும். மரப்பலகையோ தரைவிரிப்பு ரப்பர்த் துண்டோ, ஒரு செதுக்குளியோ பாடசாலை மாணவருக்கு எட்டாத பொருள்கள் அல்ல. யப்பானியப் படத்தைச் சுவரில் கண்டு வளரும் பிள்ளை ஒரு நாள் தன் கரையைப் பலகையிற் செதுக்கி, அதன் படியைப் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் கொடுக்குமாயின், முதல் ஆணி அறைந்ததன் பயன் அங்கே நிறைவெய்தும்.